வைரம் பாய்ந்த மரம் இருக்க, வீட்டை ஏன் இடிக்க வேண்டும்?

கேள்வி: 1912-ல் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய மரவீடு இது. தூண், சுவர், தளம் எல்லாமே மரம். இப்போது மூன்று பங்காளிகள். "இது என்ன அரண்மனையா? எந்தத் தலைவர் இங்கே பிறந்தார்?" என்று கேட்கிறார் அண்ணன். மேற்குப் பக்கம் நான்கு தூண்களின் அடி உளுத்துவிட்டது, இடித்துவிடுங்கள் என்கிறார் ஒப்பந்ததாரர். இந்த வீட்டுக்குப் பாரம்பரிய மதிப்பு என்று ஏதாவது உண்டா? பரணில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி

பதில்: நிச்சயமாக உண்டு, அம்மா. அரண்மனையைக் காப்பாற்ற நாலு பேர் வருவார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிப் படுத்தது, எங்கே சமைத்தது, எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தது என்பதைக் காட்ட உங்கள் வீடு போன்றவைதான் இருக்கின்றன. யாரும் கேட்காமல் முதலில் இடிபடுவதும் அவைதான்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களில் மூன்றாவதின் அடியில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள் தெரிகின்றன. அது உட்கார்ந்திருக்கும் உத்திரத்திலும் அதே மூன்று கோடுகள். தச்சர்கள் மரத்தை எல்லாம் தரையிலேயே அறுத்து, கழுந்தும் (மர முனையில் செதுக்கிய நாக்கு) அது நுழையும் துளையும் சரியாகச் சேருகிறதா என்று பொருத்திப் பார்த்து, எண் போட்டுப் பிரித்து, அப்புறம்தான் மேலே ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அந்தக் கோடுகள்தான் அவர்களுடைய கையெழுத்து.

அதே உத்திரத்தின் பக்கவாட்டில் வாச்சி என்ற தச்சுக் கருவியால் செதுக்கிய சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. தளப் பலகையிலோ வில் மாதிரி வளைந்த கீறல்கள். அது வட்ட ரம்பம் அறுத்த தடம். பெரிய மரத்தைக் கையால் செதுக்கி, பலகையை மட்டும் ஆலையில் அறுத்து வாங்கியிருக்கிறார்கள். கைவேலையும் இயந்திரமும் சந்தித்த காலம் உங்கள் பரணில் அப்படியே நிற்கிறது.

சரி, உளுத்த தூணுக்கு வருவோம். ஒரு கூரான குத்தூசியால் அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டே போங்கள். எங்கே ஊசி இறங்க மறுக்கிறதோ, அதற்கு மேல் பெரும்பாலும் நல்ல மரம்தான். ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை வளரும். ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா, வெளியே மண் ஏறித் தூணைத் தொடுகிறதா? அதைச் சரிசெய்யாமல் புதுத் தூண் வைத்தாலும் அதுவும் உளுக்கும். தூணடியில் சிமெண்ட் பூச மட்டும் விடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, அதே இன மரத்தைச் சாய்வெட்டாக ஒட்டுப் போட வேண்டும். மரக் கட்டடங்களுக்காக, பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் சர்வதேச நிபுணர் அமைப்பான இகோமாஸ் 1999-ல் ஏற்ற கோட்பாடுகளும் இதைத்தான் சொல்கின்றன. புது மரத்தில் கண்ணை உறுத்தாமல் ஓர் அடையாளம் இடவும் சொல்கின்றன. வருடத்தைச் செதுக்கினாலே போதும். ஒட்டுப் போட்டால் பழமை போய்விடும் என்று உங்கள் அண்ணன் சொன்னால், ஜப்பானின் ஹோரியூஜி கோயிலைச் சொல்லுங்கள். உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று. பல நூற்றாண்டுகளாகப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துத்தான் நிற்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில், நேரம் மிச்சம் என்று ஒரு வீட்டின் கைமரங்கள் அத்தனையையும் மாற்றச் சம்மதித்தேன். கழற்றிப் போட்ட பிறகுதான் அவற்றிலும் இப்படி எண்கள் இருந்ததைப் பார்த்தேன். பாதிக்கு மேல் வைரம் பாய்ந்த நல்ல மரம். இன்றும் அது மனதை அறுக்கிறது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் சோதிக்காமல் உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டாம். பங்காளிகள் மூவரும் ஒருநாள் சேர்ந்து பரணில் ஏறுங்கள். எல்லாக் கைமரங்களின் குறிகளையும் வரிசையாகப் படம் எடுங்கள். குத்தூசியை அண்ணன் கையில் கொடுங்கள்.