சிலி ஒயினை ருசித்து எழுத: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, சிலியின் கார்மெனேர் சிவப்பு ஒயின் குடித்தேன். பச்சைக் குடைமிளகாய் வாடை. பாட்டில் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அந்த வாடைக்குக் காரணம் திராட்சையிலேயே உள்ள பைரசின் என்ற சேர்மம். பழம் முற்ற முற்ற அது குறையும். கார்மெனேர் திராட்சை, மெர்லோ என்ற இன்னொரு ரகத்தைவிட நான்கைந்து வாரம் பிந்திப் பழுக்கும். சிலியில் இரண்டும் ஒரே தோட்டத்தில் கலந்து நின்றன, மெர்லோ என்றே விற்றார்கள். மெர்லோ பழுத்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்தால் கார்மெனேர் அரைக்காயாகத் தொட்டிக்குப் போகும். 1994-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-மிஷேல் பூர்சிகோ சிலியின் மைப்போ பள்ளத்தாக்கில் அந்தக் கொடிகள் கார்மெனேர் என்று அடையாளம் கண்டார். பிரான்சின் போர்தோ பகுதியில் ஏறக்குறைய மறைந்துபோன ரகம் அது. தனியாகப் பறிப்பது பரவியது அதற்குப் பிறகுதான்.

அதனால் குறிப்பில் ‘குடைமிளகாய்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அதன் பின்னால் பழம் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புப் பழமும் மிளகும் சேர்ந்து வந்தால் நல்ல கார்மெனேர். வெறும் பச்சை வாடையும் வாயை இழுக்கும் துவர்ப்பும் என்றால் அவசரமாகப் பறித்தது.

கேள்வி: எனக்குச் சாராய நெடிதான் வருகிறது. அறை வெப்பத்தில்தான் வைத்திருந்தேன்.

பதில்: உங்கள் அறை எத்தனை டிகிரி? 30 என்றால் எந்தச் சிவப்பு ஒயினும் அப்படித்தான். 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அதற்குமுன் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

கேள்வி: மைப்போவின் கேபர்னே ரகச் சிவப்பு ஒயினில் தைலமர வாசனை ஏன்?

பதில்: தோட்ட ஓரத்தில் நிற்கும் தைலமரங்களால். அவற்றின் எண்ணெயிலுள்ள சினியோல் என்ற வாசனைச் சேர்மம் காற்றில் வந்து திராட்சைத் தோலில் படியும். சிவப்பு ஒயின் தோலோடு புளிப்பதால் உள்ளே இறங்கிவிடும். மரத்துக்கு அருகிலுள்ள வரிசைகளில் இது அதிகம் என்று ஆஸ்திரேலியாவில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: ஏற்க முடியாது மேடம். அது மைப்போ மண்ணின் குணம். மரமே இல்லாத தோட்டத்திலும் புதினா வாசனை வருகிறதே?

பதில்: புதினா வேறு, தைலம் வேறு. முதிர்ந்த போர்தோ ஒயின்களின் புதினா வாசனையில் பிப்பெரிட்டோன் என்ற வேறொரு சேர்மத்துக்குப் பங்கு உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால்தான் இந்தச் சண்டை. மண் தண்ணீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது, கொடி எவ்வளவு செழிக்கிறது, பழம் எப்போது முற்றுகிறது, இவற்றில் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தைல வாசனை வேர்வழியே ஏறி வருவதில்லை.

கேள்வி: அப்படியானால் அது கலப்படம்தானே?

பதில்: இல்லை. மரமும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் மரத்தை வெட்டினால் மண் அப்படியே இருக்கும், வாசனை போய்விடும். மண்ணின் பெயரில் எழுதாதீர்கள் என்பதுதான் என் வாதம். இதோடு இதை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: கார்மெனேரில் குடைமிளகாய் வாசனை குறைதானா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சிலி மெர்லோவில் பச்சை வாடை. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: முதல் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: லேபிளில் ‘ரிசர்வா’ என்று போட்டிருந்தால் நல்லதா?

பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். இடத்தைப் பாருங்கள். ‘கோஸ்தா’ என்றால் கடலோரம், ‘ஆந்தேஸ்’ என்றால் மலையோரம், ‘எந்த்ரே கோர்தியேராஸ்’ என்றால் இரண்டுக்கும் நடுவே.

கேள்வி: எந்த மீனோடு குடிக்கலாம்?

பதில்: சமையல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சிலியின் மௌலே பகுதியின் 2017 ஒயின் ஒன்று. மூக்கில் ஒன்றுமில்லை, விழுங்கிய பிறகு சாம்பல் ருசி. என் நாக்கில் கோளாறா?

பதில்: நாக்கு சரியாகவே இருக்கிறது. 2017 ஜனவரியில் அந்தப் பகுதியில் பெரும் காட்டுத்தீ. புகையின் சேர்மங்கள் திராட்சையில் சர்க்கரையோடு பிணைந்துகொள்ளும், அப்போது மணக்காது. வாயில் உமிழ்நீர் பட்டுப் பிணைப்பு அவிழும்போதுதான் தெரியும். அந்த ஆண்டின் எல்லா பாட்டிலும் அப்படியில்லை. எதற்கும் விழுங்கியபின் அரை நிமிடம் பொறுத்து எழுதுங்கள். 16 டிகிரியில்தானே குடித்தீர்கள்?