ஊதுலையின் மூச்சு

அன்புள்ள ஐயா,

ஆற்றல் பொறியியல் படிக்கிறேன். ஐரோப்பிய நாடுகளில் உருக்காலைக் கழிவு வாயுக்களின் நுகர்வு குறைந்துகொண்டே வருவதை ஒரு வரைபடத்தில் பார்த்தேன். லக்சம்பர்க் பூஜ்ஜியத்துக்கே இறங்கிவிட்டது. இது சுற்றுச்சூழலுக்குக் கிடைத்த வெற்றிதானே? இந்தியாவால் ஏன் முடியவில்லை?
ம.

அன்புள்ள ம.,

இந்தியாவைப் பிறகு பார்ப்போம். ‘கழிவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் படிக்கும் பெண் இப்படி எழுதலாமா?

இரும்புத் தாதுவை உருக்கி இரும்பாக்குவது ஊதுலை. அதன் வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன். எரிவது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு மட்டுமே. இயற்கை எரிவாயு தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் தரும். ஆனாலும் உலை எரியும்வரை இரவு பகலாக வந்துகொண்டே இருக்கும். நச்சு வாயு, அப்படியே வெளியே விட முடியாது. வீணாகக் கொளுத்திவிட வேண்டும், அல்லது பெல்ஜியத்தின் கென்ட் நகரில் செய்வதுபோல மின்சாரமாக்க வேண்டும். நிலக்கரியைச் சுட்டுக் கற்கரி (கோக்) ஆக்கும் அடுப்பின் வாயு இன்னும் வளமானது, பாதிக்கு மேல் ஹைட்ரஜன். இயற்கை எரிவாயு வருவதற்கு முன் ஜெர்மனியின் ரூர் பகுதி நகரங்கள் அதில்தான் சமைத்தன.

ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் இந்த வாயுக்களைச் சேமித்து வைத்த 117.5 மீட்டர் உயர வாயுக்கலன் ஒன்று இருக்கிறது. 1929 இல் கட்டி முடித்தார்கள். 3,47,000 கன மீட்டர் கொள்ளும். இன்று காட்சிக்கூடம். அதன் இருட்டுக்குள் அண்ணாந்து நின்றிருந்தேன். உள்ளே ஒரு மாபெரும் இரும்புத் தட்டு, வாயு நிறைய நிறைய மேலே ஏறுமாம், ஆலைகள் எடுக்க எடுக்க இறங்குமாம். பக்கத்தில் நின்ற முதியவர், கற்கரி ஆலையில் வேலை செய்தவர், உள்ளங்கையை விரித்து மெல்ல உயர்த்தினார், மெல்லத் தாழ்த்தினார். 1988 இல் கலன் ஓய்ந்தது என்று சொல்லும்போது கை இடுப்பருகே நின்றுவிட்டது. உங்கள் வரைபடத்தில் சரியும் கோடு எனக்கு அந்தக் கைதான்.

இந்த வாயுவை யாரும் தனியாகக் குறைப்பதில்லை. இரும்பு உருகினால் அது வரும், உலை அணைந்தால் நிற்கும். லக்சம்பர்க் தன் கடைசி ஊதுலையை 1997 இல் பெல்வாலில் அணைத்தது. இன்று மின் உலைகளில் பழைய இரும்பை உருக்குகிறது. அது உண்மையான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாட்டா ஸ்டீலின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது. அதே மாதம் அதே நிறுவனம் ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையை மூட்டியது. பிரிட்டனின் கோடு சரியும், நம்முடையது ஏறும். காற்று ஒன்றுதானே, அம்மா? பிரிட்டனைப் பாராட்டி நம்மைத் திட்டுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

அந்த வரைபடத்தின் பக்கத்திலேயே அந்தந்த நாட்டின் ஊதுலை இரும்பு உற்பத்தியையும், இறக்குமதியாகும் உருக்கையும் வரையுங்கள். வரைந்து எனக்கு அனுப்புங்கள்.