டெல்டா வீட்டுக்கு மரத்தரை: கேள்வி பதில்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வீடுகளுக்கு மரத்தரை போடுவதுதான் என் தொழில். கேட்டவர்கள் எல்லாரும் எந்த மரம் நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். அது இரண்டாவது கேள்வி. உங்கள் தரையில் ஈரம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, கீழ்வீட்டு ஹாலில் தேக்குப் பலகை போட ஆசை. பழைய வீடு, சிவப்பு ஆக்ஸைடு தரை. போடலாமா?

பதில்: தம்பி, முதலில் சுவரின் அடியைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருந்தால் ஓதம் ஏறுகிறது, அதைச் சரிசெய்யாமல் மரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சுவர் நன்றாக இருந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடி சதுரத்தில் பாலிதீன் ஷீட்டை வெட்டித் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் வருகிறது என்று அர்த்தம். ஹாலில் மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். சித்திரை வெயிலில் இதைச் செய்துவிட்டு ஈரமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடி, சம்பா வயலில் தண்ணீர் கட்டி நிற்கும் ஐப்பசியில் செய்யுங்கள், நம் களிமண் வீட்டுக்கு அடியில் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஈரம் வந்தால் கீழே டைல்ஸோடு விட்டுவிட்டு மாடி அறையில் மரம் போடுங்கள். டெல்டாவில் மரத்தரைக்கு மாடிதான் சரியான இடம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (திருவாரூர்): முழு மரமா, இன்ஜினியர்டு வுட்டா, லேமினேட்டா? கடையில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது.

பதில்: மேலே பார்க்க ஒன்றுதான், உள்ளே வேறு. லேமினேட்டில் மேலே இருப்பது மரத்தின் படம், அடியில் அழுத்திய மரநார்ப் பலகை. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதும், ஊதியது பழைய நிலைக்கு வராது. இன்ஜினியர்டு என்பது அடியில் பிளைவுட், மேலே சில மில்லி நிஜ மரம். பிளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அவ்வளவாக விரியாது. மேல் மரம் 4 மில்லி இருந்தால் பிறகு தேய்த்து பாலிஷ் போட இடமுண்டு, 1 மில்லி என்றால் அந்தப் பேச்சே இல்லை. கடையில் முதலில் அந்த மில்லியைக் கேளுங்கள்.

முழு மரம் அழகுதான், ஆனால் குறுக்குவாட்டில் அசையும். 4 அங்குலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறினால் முக்கால் மில்லி அளவுக்கு விரியும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் 12 அடி அறைக்கு 36 பலகை, எல்லாம் சேர்ந்தால் ஒரு அங்குலம்! ஆணியும் பசையும் கொஞ்சம் பிடித்து வைக்கும், அதற்காக முழுசையும் தடுத்துவிடாது. அதனால்தான் சுவரோரம் அரை அங்குலமாவது இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மூடச் சொல்கிறோம். அந்த இடைவெளியில் ஆசாரி சிமென்ட் வைத்து அடைத்தால் விடாதீர்கள், அடுத்த கார்த்திகையில் பலகை கூடாரம் மாதிரி எழும்பும். நம் ஊருக்கு என் தேர்வு இன்ஜினியர்டுதான்.

கேள்வி (கும்பகோணம்): தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்த தேக்கு உத்திரங்கள் கிடக்கின்றன. பலகையாக அறுத்துப் போடலாமா ஐயா?

பதில்: தாராளமாகப் போடலாம். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. நன்றாக வைரம் பாய்ந்த மரம், ஆண்டுக்கணக்கில் காய்ந்தது. ஆனால் அறுக்கும் முன் காந்தம் வைத்துத் தேடி ஆணி எல்லாவற்றையும் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் மில்லில் பிளேடு போய்விடும், அறுக்கவும் மறுப்பார்கள். ஓரத்து வெள்ளையைக் கழித்துவிடுங்கள், பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். அறுத்த பலகையை உடனே போடாமல், எந்த அறையில் போடப் போகிறீர்களோ அங்கேயே நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி வையுங்கள். எத்தனை நாள் என்று கணக்கில்லை, ஈரம் அளக்கும் மீட்டரில் மரத்தின் ஈரம் ஒரே அளவில் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் நம் பக்கம் அது 14 சதவீதம் வாக்கில் நிற்கும், ஏசி ஓயாமல் ஓடும் அறையில் 9, 10 வரை இறங்கும். ஏசி போடும் அறை என்றால் ஏசியைப் போட்டே மரத்தைப் பழக்குங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): தையில் கிரகப்பிரவேசம். மாடித் தளம் இப்போதுதான் போட்டோம். அதற்குள் மரம் போட்டுவிடலாம் இல்லையா?

பதில்: வேண்டாம்மா. கான்கிரீட் காய நல்ல வெயில் காலத்திலேயே ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் கேட்கும், நடுவில் மழைக்காலம் வேறு வருகிறது. தையில் பால் காய்ச்சிக் குடியேறுங்கள், மரத்தைப் பங்குனி சித்திரையில் போடுங்கள். அதுவரை தரை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். 6 அடி மட்டப்பலகை வைத்தால் அடியில் 3 மில்லிக்கு மேல் சந்து தெரியக் கூடாது, தெரிந்தால் லெவலிங் செய்துவிட்டுத்தான் மேலே.

கேள்வி (பட்டுக்கோட்டை): கரையான்?

பதில்: தேக்கு ஓரளவு தாங்கும், அடியில் இருக்கும் பிளைவுட்டும் ரீப்பரும் தாங்காது. போடும் முன்பே சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு செய்வது பெரிய பாடு. பிளைவுட் கொடுத்தால், தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (திருவையாறு): வெள்ளிக்கிழமை தோறும் அம்மா வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார். மரம் தாங்குமா?

பதில்: தாங்காது அக்கா. பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். பூஜை அறை, சமையலறை, முற்றத்தை ஒட்டிய இடம் மூன்றையும் டைல்ஸாகவே விட்டுவிடுங்கள், அம்மா அங்கே கழுவிக் கோலம் போடட்டும். அந்த இடத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கல் படி வைத்தால் தண்ணீர் தாண்டி வராது. கதவையும் மறந்துவிடாதீர்கள், தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், கதவின் அடியை முன்பே இழைத்து வைத்தால் ஆசாரியை இரண்டாவது முறை கூப்பிட வேண்டாம்.