கோதுமையை நிறுத்தியும் எண் இறங்கவில்லை: டிபன் பாக்ஸில் எங்கே கசிகிறது?

கேள்வி: என் 8 வயது மகளுக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று தெரிந்து ஒன்பது மாதம் ஆகிறது. சப்பாத்தி, பூரி, பிரெட், பிஸ்கட் எல்லாம் நிறுத்திவிட்டோம். பள்ளிக்கு இட்லி, இடியாப்பம், சாம்பார் சாதம்தான் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் இறங்கிய ரத்தப் பரிசோதனை எண் மூன்று மாதமாக அப்படியே நிற்கிறது. வயிறும் உப்புகிறது. தெரிந்தவர் ஒருவர் 'குளூட்டன் ஃப்ரீ' சிறுதானிய மாவு வாங்கச் சொல்கிறார், மாதம் 2,400 ரூபாய். வாங்கலாமா? மதியத்துக்கு என்ன கொடுப்பது?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மிக்ஸியும் புதிய சல்லடையும் வாங்குங்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

டிடிஜி என்ற அந்த எண், குளூட்டன் உள்ளே போனால் இவர்கள் ரத்தத்தில் கூடும் எதிர்ப்புரதத்தின் அளவு. அது மெதுவாகத்தான் இறங்கும். முழுதாகச் சரியாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இறங்கிக்கொண்டே இருந்தால் கவலை இல்லை. இறங்கியது நடுவில் நின்றுவிட்டால், எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று உணவுகளில் எனக்கு முதல் சந்தேகம் இடியாப்பத்தின் மேல்தான்.

மாவை எங்கே அரைக்கிறீர்கள்? தெரு முனை மில்லில் என்றால், உங்கள் அரிசிக்கு முன்னால் அந்த மெஷினில் யாரோ இரண்டு கிலோ கோதுமை அரைத்திருப்பார்கள். கல்லிடுக்கிலும் மாவு இறங்கும் துணிப்பையிலும் தங்கியிருக்கும் கோதுமை மாவு உங்கள் பாத்திரத்தில்தான் வந்து விழும். எவ்வளவு விழுந்தால் கெடுதல் என்று கணக்குப் பார்ப்போம். குளூட்டன் இல்லாதது என்று சொல்ல ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. ஒரு கிராம் கோதுமை மாவிலேயே சுமார் 80 முதல் 100 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் ஒரு கிலோ அரிசி மாவைக் கெடுக்கக் கால் கிராம் கோதுமை மாவு போதும். இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை அது. மில்லில் கலப்பது சிட்டிகைக் கணக்கில் நிற்காது. 'முதல்ல கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிட்டேம்மா' என்று மில்காரர் நல்ல மனதோடுதான் சொல்வார். அது போதாது.

ஆகவே வீட்டிலேயே அரையுங்கள். கால் கிலோ பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் அரை மணி நேரம் நிழலில் பரப்புங்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. இரண்டு தடவையாக மிக்ஸியில் போட்டு, சலித்து, கப்பியைத் திரும்ப அரைத்து, வெறும் வாணலியில் மணல் போல உதிரும் வரை வறுத்தால் இடியாப்ப மாவு தயார். ராகியை மிக்ஸியில் உலர்வாக அரைப்பது பெரும்பாடு. அதை ஊறவைத்து உளுந்தோடு கிரைண்டரில் ஆட்டி தோசையாகக் கொடுப்பதே சுலபம். எந்த முழுத் தானியத்தையும் ஊறப்போடும் முன் முறத்தில் பரப்பி, கலந்து வந்த கோதுமை மணி இருந்தால் பொறுக்கிவிடுங்கள். வீட்டில் ஆட்டும் இட்லி மாவில் பிரச்சினை இல்லை. ரேஷனில் சத்துச் சேர்த்த செறிவூட்டிய அரிசி வந்தால் அதுவும் பாதுகாப்பானதுதான். அதில் கலக்கும் மணிகள் அரிசி மாவில் செய்தவை.

அடுத்தது சாம்பார். மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி மில்லில் அரைத்ததென்றால் மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். அதோடு பெருங்காயம் இருக்கிறது. கடையில் விற்கும் தூளும் சரி, கட்டியும் சரி, பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினோடு கருவேலம் பிசினும் தானிய மாவும் சேர்த்துச் செய்வது. அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதா. ஒரு சட்டி சாம்பாரில் ஒரு சிட்டிகை போட்டு நான்கு பேர் சாப்பிட்டால் குழந்தைக்குப் போவது சில மில்லிகிராம் குளூட்டன்தான். ஆனால் சாம்பார், ரசம், மோர், சுண்டல், தாளிப்பு என்று மூன்று வேளையும் சேர்ந்துகொண்டே போகும். இட்லிப் பொடியில் தாராளமாகப் போடுகிறோம், அதை அப்படியே தொட்டுச் சாப்பிடுகிறோம். அங்கே அளவு கூடிவிடும்.

அதனால் கூட்டுப் பெருங்காயத்தை விட்டுவிடுங்கள். பெருங்காயம் இல்லாவிட்டால் பருப்பு உணவு உங்கள் வீட்டில் இறங்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். ஒன்று, மாவு கலக்காத பால் பெருங்காயம். அது தூளாக இருக்காது. பிசுபிசுப்பாக, விரலில் ஒட்டும், நெடி மூக்கைத் துளைக்கும். கடுகு அளவு எடுத்துக் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து, அந்த நீரை ஒரு ஸ்பூன் விட்டால் ஒரு சட்டிக்குப் போதும். கூடினால் கசக்கும். நாட்டு மருந்துக் கடையில் 'சுத்தமானது' என்று சொல்லித் தூளாகக் கட்டித் தந்தால் வாங்காதீர்கள். பிசின் தானாகத் தூளாக நிற்காது, எதையாவது சேர்த்துத்தான் தூளாக்க முடியும். இரண்டாவது, அரிசி மாவு சேர்த்துச் செய்த கூட்டுப் பெருங்காயம். டப்பாவின் பின்பக்கம் சேர்பொருள் வரியில் 'அரிசி மாவு' என்று இருக்க வேண்டும், 'குளூட்டன் ஃப்ரீ' என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. 'உண்ணத்தக்க மாவு' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் மைதா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், ஒரே கம்பெனியே கோதுமை மாவு சேர்த்தது ஒன்றும் அரிசி மாவு சேர்த்தது ஒன்றுமாக விற்கலாம்.

இப்போது அந்த 2,400 ரூபாய் மாவு. வாட்ஸ்அப்பில் 'ஹெல்த் கோச்' என்ற பெயரில் விற்பவர்கள் சொல்லும் 'குளூட்டன் ஃப்ரீ' என்பதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. உரிம எண் எங்கே, எந்தத் தொகுதி மாவு எந்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராது. தினையிலும் சாமையிலும் வரகிலும் இயல்பாகவே குளூட்டன் இல்லை. ஆனால் அவர்களும் ஏதோ ஒரு மில்லில்தான் அரைக்கிறார்கள். இதைவிட மோசம், 'சம்பா கோதுமையில் குளூட்டன் இல்லை, பழைய ரகம்' என்று விற்பது. சுத்தப் பொய். சம்பா கோதுமையும் கோதுமைதான், அந்த ரவையில் ஒரு ஸ்பூன்கூட உங்கள் மகளுக்கு ஆகாது. ராகி சேமியா, தினை நூடுல்ஸ், ராகி பிஸ்கட் என்று முன்பக்கம் படம் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று எழுதியிருப்பதும் ஏராளம். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் உண்டு. பாக்கெட்டுக்கு லேபிள் விதி இருக்கிறது. உதிரியாக விற்கும் மாவுக்கும் பலகாரத்துக்கும் படிக்க லேபிளே இல்லை. நம் ஊரில் தாய்மார்கள் பெரும்பாலும் வாங்குவதே உதிரியாகத்தான் என்பது விதி எழுதியவர்களுக்கு உறைக்கவில்லை.

பள்ளியில் காலை உணவுத் திட்டம் இருந்தால் அதையும் பாருங்கள். உப்புமா, கிச்சடி நாட்களில் வருவது பெரும்பாலும் ரவை, சேமியா, கோதுமை ரவை. இப்படி ஒரு குழந்தை இருந்தால் என்ன தருவது என்று சமைப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் பாவம் என்ன செய்வார்கள்? மேலிருந்து யாரும் சொல்லித் தரவில்லை. 'பசிக்குமே' என்று இரக்கப்பட்டு ஒரு கரண்டி வைத்துவிடுவார்கள். அதனால் மருத்துவரின் கடிதத்தை வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், சமையலர் மூவருக்கும் தனித்தனிப் பிரதியாகக் கொடுங்கள். 'கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி கூடாது' என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'குளூட்டன்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

மதியத்துக்குக் கலந்த சாதமே சிறந்தது. 60 கிராம் அரிசி வடித்தால் இந்த வயதுக்குப் போதும், நிறையப் பசிக்கும் பிள்ளைக்கு 75. எள் சாதத்துக்கு இரண்டு டீஸ்பூன் கறுப்பு எள், ஒரு மிளகாய், உப்பு வறுத்துப் பொடித்து நல்லெண்ணெயில் கிளறுங்கள். எலுமிச்சை சாதத்தில் சாற்றை அடுப்பில் இருக்கும்போது விட்டால் கசக்கும், இறக்கி ஆறிய பிறகே விடுங்கள். தயிர் சாதத்தைக் காலையில் தயிர் ஊற்றிப் பிசைந்தால் மதியம் புளித்துவிடும். குழைந்த சாதத்தில் 150 மில்லி காய்ச்சி ஆறிய பாலும் ஒரு டேபிள்ஸ்பூன் தயிரும் கலந்து மூடினால் சாப்பிடும் நேரத்துக்கு உறைந்திருக்கும். பாலில் வயிறு உப்புகிறது என்றால் சில வாரம் தள்ளிவையுங்கள், குடல் ஆறியதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

ரொட்டி கேட்டு அழுதால்: ஒரு கப் அரிசி மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் இசப்கோல் உமி, உப்பு, கொதிக்கும் நீர் ஒரு கப். கிளறி, மூடி, பத்து நிமிடம் கழித்துப் பிசையுங்கள். இசப்கோல் இல்லாவிட்டால் ஆறியதும் அப்பளம் போல உடையும். இதைச் சப்பாத்தி போட்ட கல்லிலோ பூரிக்கட்டையிலோ செய்யாதீர்கள். கல், கட்டை, சல்லடை, மரக்கரண்டி நான்கும் அவளுக்குத் தனி. எவர்சில்வர் பாத்திரம் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

இடைவேளைக்கு சுண்டல், அவல், பொரி, கடலை மிட்டாய். பிறந்தநாள் கேக் வரும் நாட்களுக்காகப் பத்துக் கடலை மிட்டாயை ஒரு டப்பாவில் போட்டு ஆசிரியரிடமே கொடுத்து வையுங்கள், கை நீட்டாமல் இருப்பாள்.

கடைசியாக, வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அவனுக்கும் கோதுமையை நிறுத்திவிட்டீர்களா? உடனே திரும்பக் கொடுங்கள். உடன்பிறந்தவருக்கும் இந்த நோய் வர வாய்ப்பு அதிகம், அறிகுறியே இல்லாமலும் இருக்கும். ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் தெரியும். எவ்வளவு நாள் கொடுத்த பிறகு ரத்தம் எடுக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.