கயிறு ஏன் வீட்டில் இல்லை?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. கல்யாணமாகி நாலு வருடம், இரண்டு வயதில் ஒரு மகள். மனைவியின் வீட்டில்தான் இருக்கிறோம். நான் எந்தக் கம்பனியிலும் சேராமல் தனியாக மலையேற்ற வழிகாட்டியாக வேலை செய்கிறேன், அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அறுகம்பை, பாசிக்குடாவுக்கு வரும் வெளிநாட்டு ஆட்களைக் குடும்பிமலைக்குக் கூட்டிப்போவேன். கிரான் பக்கத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறவும் பழக்குவேன். தை பிறந்தால் எல்ல, நக்கிள்ஸ் பக்கம் கூப்பிடுவார்கள். மாரியில் ஒரு சதமும் இல்லை. கட்டாரில் இருக்கும் மச்சான் அங்கே ஒரு ஹோட்டலில் எனக்கு இடம் பார்த்திருக்கிறார். மனைவியும் போகச் சொல்கிறாள். எனக்கு மலையை விட மனமில்லை. வேலையில் நான் ஒரு குறையும் விடுவதில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் வீட்டு நம்பர், வருத்தம், எடுக்கிற மருந்து எல்லாம் எழுதி வாங்கிய பிறகுதான் கூட்டிப்போவேன். கயிறும் சாமான்களும் கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் பத்திரமாக இருக்கின்றன. வீட்டில் கண்டால் தேவையில்லாத கேள்வி வரும், நான் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை செய்வதாகத்தான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். கட்டாருக்குப் போவதா, இங்கேயே நிற்பதா?
– பெயர் வேண்டாம், செங்கலடி

பதில்: தம்பி, கட்டார் இருக்கட்டும். கயிறு கூட்டாளியின் கடையில் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை.

அந்தக் கடையில் பற்றரி சார்ஜ் பண்ணுவார்களா? இது என் சொந்தக் கேள்வி இல்லை. பாறை ஏறப் பல வருடமாகப் பழக்குகிற ஒருவரிடம் உங்கள் விஷயத்தைப் பெயர் ஊர் சொல்லாமல் கேட்டேன். கயிறு இருக்கிற இடத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது இதைத்தான். ஏறுகிற கயிறு நைலோன். பற்றரி அசிட் அதில் பட்டால் உள்ளே இருக்கிற நார் செத்துவிடும். வெளியுறை புதுக்கயிறு மாதிரியே பளபளவென்று இருக்கும். கையால் உருவிப் பார்த்தாலும் பிடிபடாது. ஆள் வழுக்கிப் பாரம் முழுதும் கயிற்றில் விழுகிற நேரத்தில்தான் தெரியவரும்.

இது உங்களுக்குத் தெரியாத பாடமா? அனுமதிப்பத்திரம் வாங்கியவர், பிள்ளைகளுக்கு எட்டு முடிச்சுப் போடப் பழக்குகிறவர். கயிற்றை வெயில் படாமல், ஈரம் படாமல், எண்ணெயும் அசிட்டும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மனைவியின் அலுமாரித் தட்டு அதற்குப் போதும். அங்கே வைக்காததற்கு நீங்களே காரணம் எழுதியிருக்கிறீர்கள்: கேள்வி வரும். வீட்டில் ஒரு கேள்வி வந்துவிடும் என்ற பயத்தில், ஊரான் பெற்ற பிள்ளைகள் தொங்குகிற கயிற்றைக் கொண்டுபோய்ப் பற்றரிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் ஒரு குறையும் விடுவதில்லை என்றும் எழுதுகிறீர்கள். அந்தக் கயிற்றில் இனி ஒருவரையும் ஏற்றாதீர்கள். துண்டு துண்டாக வெட்டி மாடு கட்டக் கொடுத்துவிடுங்கள்.

சரி, கயிற்றை மாற்றலாம், காசு விஷயம். மற்றதற்கு வருவோம்.

வருகிற ஆட்கள் எல்லோரிடமும் வீட்டு நம்பர் எழுதி வாங்குகிறீர்கள். உங்கள் பெயரை எழுதிய தாள் எங்கே? அதில் யாருடைய நம்பர் இருக்கிறது? ஒரு நாள் குடும்பிமலையில் நீங்களே கால் தவறி விழுந்து கிடக்கிறீர்கள் என்று வைப்போம். உங்களோடு வந்தவர்களுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டாலும் எந்த இடம் என்று சொல்லத் தெரியாது. இருட்டுகிறது. செங்கலடியில் உங்கள் மனைவி போன் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கே ஆள் அனுப்புவாள்? பாசிக்குடாவுக்கு. மைத்துனன்மார் மோட்டார் சைக்கிளில் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்குவார்கள். நீங்கள் மறுபக்கத்தில், காட்டுக்குள், யானை நடமாடுகிற இடத்தில் கிடப்பீர்கள்.

போகிற வழியையும் திரும்புகிற நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போ என்பதுதான் மலைக்குப் போகிறவனுக்குச் சொல்கிற முதல் பாடம். அதைப் படிப்பிக்கிறவர் இரண்டு வருடமோ நாலு வருடமோ வீட்டில் பொய் இடம் சொல்லிவிட்டு மலைக்குப் போகிறார்.

எங்கள் அப்பா பட்டிக்காரர். பெரும்போக வெள்ளாமை தொடங்கினால் மாடுகளை வயல் பக்கம் வைத்திருக்க முடியாது, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார். வெளிக்கிடும்போது குசினி வாசலில் நின்று, எந்த மடுவடியில் பட்டி நிற்கும், எந்தக் கிழமை திரும்புவார் என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே ஓம் என்பா. ஒரு தரம்கூட அவர் சொல்லாமல் போனதை நான் கண்டதில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் கூரை போய்விட்டது, வளவில் ஒரு தென்னை மிச்சமில்லை. அம்மா அழவில்லை. மாமாவைக் கூப்பிட்டு மடுவின் பெயரைச் சொன்னா. மரம் விழுந்து மூடிய வழியெல்லாம் வெட்டி வெட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் அப்பாவைக் கண்டெடுத்தபோது பாலை மரமொன்றின் கீழ் கால் முறிந்து கிடந்தார். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று மாமா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். காடு முழுக்கத் தேடியிருந்தால் கண்டிருக்க மாட்டார்கள். நேரே அந்த மடுவுக்குப் போனதால் கண்டார்கள்.

அதனால்தான் உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம். பயப்படுவார்கள் என்றுதான் சொல்லவில்லை என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். இதை எத்தனையோ ஆண்கள் எனக்கு எழுதிவிட்டார்கள். கடனை மறைத்தவரும் எழுதினார், வருத்தத்தை மறைத்தவரும் எழுதினார், எல்லோரும் மனைவியின் நெஞ்சைக் காப்பாற்றத்தானாம். பயப்படுவதும் அந்தப் பிள்ளையின் உரிமைதான், தம்பி. புருஷன் எந்தப் பாறையில் நிற்கிறான் என்று தெரிந்து பயப்படட்டும். இப்போது மட்டும் அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைக்கிறீர்களா? ஹோட்டல் டியூட்டி என்று போகிறவர் முழங்காலில் உரசலும் உள்ளங்கையில் காய்ப்புமாக வருகிறார், எல்லவில் நாலு இரவு நிற்கிறார், போன் எடுக்காது. இதே மாதிரிப் புருஷன்மாரைப் பற்றி மனைவிமார் எழுதுகிற கடிதங்களும் எனக்கு வருகின்றன. அதில் ஒருத்திகூடப் புருஷன் மலைக்குப் போகிறார் என்று சந்தேகப்பட்டு எழுதியதில்லை. வேறொரு பெண் இருக்கிறாளோ என்றுதான் எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இருப்பது அவளுடைய வீடு. எங்கள் மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளை அங்கே போய்ச் சேருவார். இது நல்ல வழக்கம் என்று நான் நினைக்கிறேன். அந்த வீட்டின் சோற்றைத் தின்றுகொண்டு, அந்த வீட்டுக்காரியிடம் என்ன வேலை என்று சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமியும் அங்கே இருந்தால் அவவுக்கும் சொல்ல வேண்டும். நாளைக்கு ஏதும் நடந்தால் உங்கள் மகளை மடியில் வைத்திருக்கப் போகிறவ அவதான்.

இப்போது கட்டார். மச்சான் ஏன் ஹோட்டலில் இடம் பார்த்தார்? உங்களை ஹோட்டல்காரர் என்று நினைத்ததால். நீங்கள் சொன்ன பொய்யே உங்களுக்கு வேலை தேடிவிட்டது. அங்கே போய் நின்று என்ன அனுபவம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் மனைவி போகச் சொல்கிறாள் என்றால், இங்கே ஒழுங்கில்லாத ஹோட்டல் சம்பளம், அங்கே ஒழுங்கான ஹோட்டல் சம்பளம் என்று ஒப்பிட்டுச் சொல்கிறாள். அவள் இடத்தில் நானும் போகச் சொல்வேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் குடும்பிமலை உச்சிக்கு ஏற்றி இறக்கிக் கூட்டி வருகிற மனிதரை அவள் இன்னும் காணவேயில்லை. காணாத ஒன்றை விடச் சொல்வதா வைத்திருக்கச் சொல்வதா என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

மலையிலேயே நிற்பதென்றால் அதற்கும் கணக்கு வேண்டும். உங்களுக்குச் சேமலாப நிதி போட ஒரு முதலாளி இல்லை. ஐப்பசி பிறந்தால் தை வரை உலை வைக்க என்ன வழி என்று இருவரும் இருந்து எழுதிப் பாருங்கள். விபத்துக் காப்புறுதி எடுத்திருந்தால் படிவத்தில் தொழில் என்று என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். ஹோட்டல் என்று எழுதியிருந்தால் அந்தக் கடதாசியை நம்ப வேண்டாம். கயிறு கட்டி ஏறுவதற்குக் காசு தர மாட்டோம் என்று சொல்கிற காப்புறுதிகளும் இருக்கின்றன, முகவரிடம் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் முதல் வேலை அதுவல்ல. இந்தக் கிழமையே கடைக்குப் போய்ச் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மனைவியும் மாமியும் இருக்கும்போது திண்ணையில் அவிழ்த்து வையுங்கள். ஹெல்மெட், இடுப்புப் பட்டி, கொளுக்கிகள், அந்தப் பழுதான கயிறு, எல்லாவற்றையும். கேள்வி வரும். ஏச்சும் வரும், இரண்டு நாள் அடுப்பு எரியாமலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, கட்டாரைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.