நெம்புகம்பி வாங்கப் போகும்போது பையில் ஓர் ஆணி இருக்கட்டும்

கேள்வி: எங்களுடையது மாமனார் காலத்து நாட்டு ஓட்டு வீடு. கஜா புயலில் பின்கட்டு ஓடெல்லாம் பறந்து, அப்போதைக்குத் தகரம் போட்டுச் சமாளித்தோம். வருகிற தையில் தகரத்தைப் பிரித்துவிட்டு மறுபடி ஓடே வேயலாம் என்று இருக்கிறோம். கைமரத்தின் மேல் குறுக்கே அடித்த ரீப்பர் சட்டங்களைப் பிரிக்க, பழைய ஆணி பிடுங்க, பின்கட்டுத் தரையில் உடைந்த தட்டோட்டைப் பெயர்க்க ஏதாவது வேண்டும். வீட்டில் கடப்பாரை இருக்கிறது, ஆனால் ஏணி மேல் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆன்லைனில் நாலு பீஸ் நெம்புகம்பி செட் 700 ரூபாய் என்று காட்டுகிறான். வாங்கலாமா? மொத்தமே ஆயிரத்துக்குள் முடிக்க வேண்டும்.
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அந்த செட் வேண்டாம் சகோதரி. அதே காசில் நல்ல கம்பியாக இரண்டே இரண்டு வாங்குங்கள். நாலு பீஸில் இரண்டைத்தான் கை தேடும், மற்ற இரண்டும் பரணில் கிடக்கும். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு செட் வாங்கி, சுவரோடு இறுகிப்போன ஜன்னல் சட்டத்தைக் கிளப்பப் பார்த்தேன். இரண்டாவது அழுத்திலேயே பெரிய கம்பி வாழைத்தண்டு மாதிரி வளைந்து நின்றது, சட்டம் அசையவே இல்லை. கம்பி சட்டென்று இளகியதில் என் முழங்கை சுவரில் இடித்து ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. காசு போனால் போகிறது, அதுவே ஏணி மேல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் 15 அங்குலம் அளவில் ஒரு தட்டைக் கம்பி. உருண்டைக் கம்பி இல்லை, பட்டையாக, ஒரு முனை வளைந்து, இரண்டு முனையிலும் ஆணி பிடிக்கிற வெட்டு இருக்கும். மெல்லிசாக இருப்பதால் ரீப்பருக்கும் கைமரத்துக்கும் நடுவில் நுழையும். வளைவிலிருந்து நுனி ஒன்றரை அங்குலம், கைப்பக்கம் பதிமூன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் 10 கிலோ அழுத்தினால் நுனியில் கிட்டத்தட்ட 90 கிலோ தூக்கல் கிடைக்கும். ரீப்பருக்கு இது தாராளம். இரண்டாவது, மரத்துக்குள் புதைந்த ஆணித்தலையைத் தோண்டி எடுக்கிற சின்ன ஆணி பிடுங்கி, பத்து அங்குலம் போதும். தட்டோடு பெயர்க்க உங்கள் கடப்பாரையும் ஓர் உளியும் இருந்தால் சரி, அதற்கென்று தனியாகச் செலவு செய்யாதீர்கள்.

கடைக்குப் போகும்போது பையில் இரண்டு அங்குல ஆணி ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். கம்பியின் வெட்டில் அந்த ஆணியைச் செருகிப் பாருங்கள். நல்ல கம்பியில் வெட்டு உள்ளே போகப் போகக் குறுகி, ஓரம் கூராக இருக்கும், ஆணியின் உடம்பைக் கவ்விக்கொள்ளும். மட்டமான கம்பியில் வெட்டின் அடி வட்டமாக, மொழுக்கென்று இருக்கும், ஆணி அதில் ஆடும். ஆடுகிற கம்பி பழைய ஆணியைப் பிடுங்காது, தலையை மட்டும் துண்டித்துவிட்டு உடம்பை மரத்துக்குள்ளேயே விட்டுவிடும். அப்புறம் நுனியைப் பாருங்கள். உளி மாதிரி சரிந்து மெல்லிசாக முடிய வேண்டும். பெயிண்டைத் தடிமனாக அப்பியிருந்தாலும், நடுவில் அச்சில் வார்த்த கோடு தெரிந்தாலும் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். வார்ப்பு இரும்பு வளையாது, பட்டென்று முறியும். அடித்துச் செய்த கார்பன் ஸ்டீலோ ஸ்பிரிங் ஸ்டீலோதான் இந்த வேலைக்குத் தாங்கும். சந்தேகமாக இருந்தால் ஓர் ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். காய்ச்சிப் பதம் வைத்த இரும்பில் அரம் லேசாகத்தான் பிடிக்கும், வெறும் இரும்பில் கறகறவென்று பிடித்துத் தூளாக உதிரும்.

கடைக்குப் போகும் முன் இன்னொரு வழியையும் யோசியுங்கள். நம் பக்கத்தில் அறுவடை மிஷின் வந்த பிறகு கருக்கரிவாள் வேலை குறைந்துபோன கொல்லுப்பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், இந்த அளவு, இந்த வளைவு, முனையில் இப்படி ஒரு வெட்டு என்று சுவரில் கரியால் வரைந்து காட்டினால் போதும், காய்ச்சி அடித்துத் தோய்த்துக் கொடுத்துவிடுவார்கள். நுனிக்கு ரொம்பக் கெட்டியாகப் பதம் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், கெட்டி கூடினால் நுனி சில்லுசில்லாக உடையும். என்னிடம் இப்போது இருப்பது அப்படிச் செய்ததுதான், எத்தனையோ மழைக்காலம் பார்த்துவிட்டது.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனங்கையில், அதாவது பனைமரக் கைமரத்தில், அடித்த பழைய ஆணி துருவேறி மரத்தோடு ஒட்டிப்போயிருக்கும், எடுத்த எடுப்பில் இழுத்தால் வராது. முதலில் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு, இன்னும் உள்ளே இறங்குகிற மாதிரி தட்டுங்கள். டக் என்று ஒரு சத்தம் வரும், துருப்பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் நெம்பினால் கிரீச்சென்று கிளம்பி வரும். ரீப்பரை ஒரே இடத்தில் முழுக்கத் தூக்காதீர்கள், பிளந்துவிடும். இந்த ஆணியில் அரை அங்குலம், அடுத்த ஆணியில் அரை அங்குலம் என்று மாறி மாறிப் போனால் அதே ரீப்பரைத் திரும்பப் போடலாம். சுவரில் முட்டுக்கொடுத்து நெம்ப வேண்டியிருந்தால் கம்பிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள், சுண்ணாம்புக் காரை வெறும் இரும்பைத் தாங்காது. தயவுசெய்து கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கிற துரு ஒரு துணுக்கு போதும். கூரையோடு ஒயர் ஓடினால் மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: ஸ்குரூ டிரைவர் மாதிரி பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட நெம்புகம்பி செட் பார்த்தேன். பிடிக்க வசதியாக இருக்கிறது. வீட்டு வேலைக்கு அது போதாதா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: மெக்கானிக் வேலைக்கு அது அருமையான சாமான். ஆனால் மரச்சட்டத்தில் கம்பியைச் சுத்தியலால் அடித்துத்தான் உள்ளே இறக்க வேண்டியிருக்கும். கம்பி கைப்பிடியை ஊடுருவி, மேலே இரும்புத் தொப்பியோடு முடிந்தால் அடிக்கலாம். பிளாஸ்டிக்கோடு நின்றுவிட்டால் நாலாவது அடியில் பிளந்துவிடும். பிளாஸ்டிக் இருக்கிறதே என்று கரண்ட் இருக்கிற இடத்திலும் அதை நம்பாதீர்கள். அதே போல, சும்மா ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்புகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், அதன் நுனி திருகுவதற்காகக் கெட்டிப்படுத்தியது, பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து முகத்தில் தெறிக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்த இரும்பும் தங்குவதில்லை. வாங்கி ஆறு மாதத்தில் துரு. என்ன செய்வது?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மேல்துருவால் கம்பியின் பலம் போய்விடாது, ஆணி பிடிக்கிற வெட்டின் கூர் போவதுதான் கவலை. வேலை முடிந்ததும் ஈரத்துணியில் உப்பைத் துடைத்து, காயவிட்டு, தேங்காய் எண்ணெயோ இஞ்சின் ஆயிலோ ஒரு கை பூசுங்கள். ஐப்பசிக்கு முன்னால் இன்னொரு தடவை. சாக்கில் சுற்றி மூலையில் வைக்காதீர்கள், சாக்கு ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். காற்றாட ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். வெட்டு மழுங்கிவிட்டால் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாலே கூர் திரும்பிவிடும்.