நம்ம ஊர் ஈரமும் நம் பணமும்: சனி ஞாயிறு கேள்விகள்

புரட்டாசி முடிந்து மழை மூட்டம் போட ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சனி, ஞாயிறு பொழுதுகளைப் பற்றியவை: மாடித் தோட்டம், ராத்திரியில் கேமராவோடு கிளம்புவது, பக்கத்து ஊர்க் கச்சேரி. எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தபோது ஒன்று தெரிந்தது. நாம் வாங்கும் பொருள் நம் டெல்டாவின் ஈரத்துக்கும் களிமண்ணுக்கும் சரிப்பட்டு வருமா என்று கடையில் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பல நஷ்டங்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

கேள்வி: ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு மாடியில் விதை போட்டேன். கத்தரி இரண்டு பாக்கெட், வெண்டை ஒன்று. வெண்டை ஓரளவு முளைத்தது. கத்தரியில் ஐம்பது விதைக்கு நாலுதான் வந்தது. முளைத்த நாற்றும் இலை ஓரம் கருகுகிறது. கடைக்காரர் "உங்க மண்ணு சரியில்லைங்க" என்று முடித்துவிட்டார். தென்னை நார்க்கழிவுக் கட்டியும் அவரிடம்தான் வாங்கினேன். தப்பு யார் மேல்?
(வாசகி, பாபநாசம்)

பதில்: இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது அம்மா. முளைக்காதது விதையின் விஷயம். முளைத்தது கருகுவது பெரும்பாலும் கட்டியின் விஷயம். தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் காலிப் பாக்கெட்டைத் தேடி எடுங்கள். அதில் குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும், முளைப்புத் திறன் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். கத்தரிக்கும் தக்காளிக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. உங்களுக்கு வந்தது 8 சதவீதம். மண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் இந்த அளவுக்கு இறங்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் சண்டைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மிச்ச விதையில் இருபதை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, மூடிய டப்பாவில் வையுங்கள். துணி காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. கத்தரிக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இருபதில் பதினாலு முளைத்தால் விதை மேல் பழி இல்லை. ஆழமாக ஊன்றியிருப்பீர்கள், கத்தரி விதைக்கு அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். இரண்டு மூன்றுதான் முளைத்தது என்றால், துணியையும் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாக்கெட்டில் ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பிரிக்கவே வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி.

விதை வாங்கியவர் நுகர்வோர் ஆவாரா என்ற சந்தேகத்துக்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே பதில் சொல்லிவிட்டது. தேசிய விதைக் கழகம் தொடர்பான அந்த வழக்கில், விவசாயியும் நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம், மொத்த விதையையும் விதைத்துவிட்டவரிடம் சோதனைக்கு மிச்சம் எங்கே என்று கேட்பது நியாயமில்லை என்று தீர்ப்பானது. ஏக்கர் கணக்கில் விதைத்தவர்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு மாடியில் பத்துப் பை வைத்திருக்கும் உங்களுக்கும் உண்டு. நாற்பது ரூபாய் பாக்கெட்டுக்கு வழக்குப் போடச் சொல்லவில்லை. ரசீதோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் விதைச்சான்றுத் துறையின் விதை ஆய்வாளருக்கு குவியல் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அவர் கடையிலேயே மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். அதே குவியலிலிருந்து வாங்கப்போகிற இன்னொருவர் தப்பிப்பார்.

இனி கட்டி. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. கழுவிப் பதப்படுத்தியது ஒரு விலை, கழுவாதது அதைவிடக் குறைந்த விலை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இலை ஓரம் கருகுவது உப்பு அதிகமானதன் அடையாளம். வேதாரண்யம் பக்கம் என்றால் நிலத்தடி நீரையும் சந்தேகப்படுவேன். பாபநாசத்தில் தண்ணீர் அப்படி இருக்காது, எனவே கட்டிதான். இப்போதைக்குப் பையில் அடியிலிருந்து வழியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். மூன்று தடவை. அடுத்த முறை "கழுவியதா, உப்பு அளவு எவ்வளவு" என்று கேட்டு, அட்டையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வயல் களிமண்ணை அப்படியே பையில் நிரப்பும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. நிலத்தில் நெல்லைத் தாங்கிப் பிடிக்கிற அதே மண், பையில் காய்ந்தால் கல்லாகிவிடும், மழையில் சேறாகிவிடும். அதோடு செம்மண், தொழுவுரம், கழுவிய நார்க்கழிவு எல்லாம் கலந்தால்தான் வேர் மூச்சு விடும். பை வாங்கும்போது அடியில் துளை இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், ஐப்பசி அடைமழையில் துளை இல்லாத பையில் செடி இரண்டே நாளில் அழுகிவிடும். பதினைந்து அங்குலப் பை நனைந்தால் முப்பது கிலோவைத் தாண்டும். பழைய மச்சு வீடு என்றால் சுவர் ஓரமாகவே அடுக்குங்கள்.

கேள்வி: ராத்திரி வானத்தையும் கோபுரங்களையும் படம் எடுக்க ஆசை. என்னிடம் சாதாரணக் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. கடையில் ஒன்றரை லட்சத்துக்குப் புதுக் கேமரா எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் பழைய லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. "உள்ளே லேசா பூஞ்சை, படத்துல தெரியாது" என்கிறார் விற்பவர். எதை வாங்கலாம்?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது கேமராவைத் தாங்கும் நல்ல முக்காலி (டிரைபாட்) ஒன்று.

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழ ஒரு பழைய கணக்கு உண்டு: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால், அதாவது லென்ஸில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும் எண்ணால், வகுக்க வேண்டும். உங்கள் கேமராவின் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) சிறியதாக இருக்கும் என்பதால், உங்கள் 18-55 லென்ஸின் 18-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 27. 500-ஐ 27-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 விநாடி. அந்த 18 விநாடியும் கேமரா அசையக் கூடாது. அதனால்தான் காற்றில் ஆடுகிற மெல்லிய முக்காலியில் லட்ச ரூபாய்க் கேமராவை வைத்தாலும் பயன் இல்லை என்கிறேன். முக்காலியைக் கடையிலேயே முழு உயரத்துக்கு விரித்து, உங்கள் கேமராவை மாட்டி, முக்காலியின் தலையை லேசாகத் தட்டிப் பாருங்கள். அதிர்வு அடங்க நேரம் எடுத்தால் வேண்டாம்.

பூஞ்சை விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஆசையாக வாங்கிய லென்ஸைத் தோல் பையில் போட்டு பீரோவில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் எடுக்கவில்லை. மார்கழியில் திறந்தபோது கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பழுது பார்ப்பவர் கேட்ட கூலி லென்ஸ் விலையில் பாதி. அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. பூஞ்சை ஒருமுறை வந்த லென்ஸ் நம் ஊர் ஈரத்தில் மறுபடி பிடிக்கும். பகலில் சாதாரணப் படத்தில் தெரியாதுதான், ஆனால் ராத்திரியில் தெருவிளக்கைப் பார்த்து எடுத்தால் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். நீங்கள் எடுக்கப் போவதே ராத்திரிப் படம்.

பழைய லென்ஸ் எப்போது வாங்கினாலும் இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். இழை, புகை, தூசு மூன்றும் வெளிச்சத்தில் நிற்கும். இன்னொன்று: தனி ஆள் தன் பழைய பொருளை விற்றார் என்றால் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவது கடினம். வியாபாரியிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. ரசீதில் வரிசை எண்ணை எழுதச் சொல்லி, பொருளில் பொறித்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ரசீது தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. புதுப் பொருளுக்கும் வாரண்டி அட்டையைப் படியுங்கள். பூஞ்சையைப் பெரும்பாலும் வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி, இவை போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். அரிசிப் பானையில் வைக்காதீர்கள், தூசுதான் ஏறும்.

எடுக்கும் இடம் பற்றி: தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. உள்ளே முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. கோயில் நிர்வாகத்தைக் கேட்காமல் கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். உங்கள் ஊரிலேயே ஹரித்ராநதிக் கரை இருக்கிறதே, அவ்வளவு பெரிய தெப்பக்குளத்தில் விளக்கு வெளிச்சம் விழுவதை எடுத்துப் பழகுங்கள். பால்வெளியை (மில்கி வே) எடுக்க மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டிய பின்னிரவு. சம்பா அறுவடை முடிந்து வயல் வெறிச்சென்று கிடக்கும், வரப்பில் முக்காலி நிற்கும். மூன்று மணிக்கு மேல் தென்கிழக்கே பாருங்கள். பனி இறங்கும், லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணி இரண்டு வேண்டும்.

கேள்வி: கும்பகோணத்தில் திறந்தவெளி இன்னிசைக் கச்சேரிக்கு நாலு டிக்கெட், தலைக்கு 500 ரூபாய். மழையால் தொடங்கவே இல்லை. "பணம் திருப்பித் தரப்படாது என்று டிக்கெட்டிலேயே இருக்கிறதே" என்கிறார்கள். உள்ளே 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலை 40-க்கு விற்றார்கள்.
(வாசகர், வலங்கைமான்)

பதில்: நீங்கள் வராமல் போனால் டிக்கெட்டில் உள்ள அந்த வாசகம் அவர்களுக்குக் கைகொடுக்கலாம். அவர்களே நடத்தாதபோது அதைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்வது நியாயமில்லை. மழை யார் குற்றமும் இல்லைதான், ஆனால் கொடுக்காத சேவைக்குக் கூலி கிடையாது. வேறு தேதி கொடுத்தால் உங்களுக்குத் தோதா என்று பாருங்கள், இல்லையென்றால் பணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

பாட்டில்: அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. படம் எடுத்திருந்தால் அங்கே அனுப்புங்கள்.

கேள்வி: கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டதிலிருந்து என் மகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். "அசல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம்" என்று இணையத்தில் மலிவாக ஒன்று வருகிறது. வாங்கலாமா?
(வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் ஆசிரியர், பிறகு வாத்தியம். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் நாதஸ்வரம் சொல்லித்தருகிறார்கள். குழந்தையின் விரல் எட்டுமா, எந்த நீளம், எந்தச் சுருதி என்பதை ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைவார்கள், அதிலும் பழைய வீடுகளின் தூண், உத்தரங்களிலிருந்து வரும் ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரத்தைத்தான் தேடுவார்கள். பச்சை மரத்தில் கடைந்தால் நம் ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் நெளிந்து சுருதி போய்விடும், வெடிக்கவும் செய்யும். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாதஸ்வரத்தை உருவாக்கிக் கொடுத்தது இதே ஊரில்தான். அந்தப் பெயரை ஒட்டி வேறெங்கோ கடைந்ததை விற்பது வாங்குகிறவரை மட்டுமல்ல, அந்தப் பட்டறைகளையும் ஏமாற்றுவது. படத்தைப் பார்த்து மரத்தின் வயதைச் சொல்ல யாராலும் முடியாது. எனவே ஆசிரியரையோ அவர் சொல்லும் வித்வானையோ அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கே போங்கள். அவர் ஊதிப் பார்க்கட்டும். ஏழு விரல் துளையும் சுத்தமாகப் பேசுகின்றனவா, உளவில் (நீண்ட குழல் பகுதி) மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, அணைசு (அடியில் விரிந்த வாய்) ஆடாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். செய்தவர் பெயர், மரம், சுருதி மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இணையத்தில்தான் வாங்கியாக வேண்டுமென்றால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள்.

வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். நாணலில் செய்வது அது, சீக்கிரம் தேயும், உடையும், ஒன்று பேசுவது போல இன்னொன்று பேசாது. நாலைந்தாவது வாங்கி, எது மகளின் மூச்சுக்குப் படிகிறது என்று ஆசிரியரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் ஈரத்தோடு உறைக்குள் போடாமல் நிழலில் உலர்த்திவிட்டு வைக்கட்டும்.